விளிம்பின் தடிமன்

பிராண்டனில் ஜனவரி. வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
நிலவறையில் ஃபர்னஸ் மூச்சு விடும்போதெல்லாம்
தராசின் கடைசி இலக்கம் தடுமாறுகிறது.
அது ஓயும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறேன்.
ஓய்ந்ததும் அடுத்த தோட்டா.

பெட்டிக்கு ஐம்பது. பத்துப் பெட்டி.
சுண்டுவிரலைவிட மெலிந்த பித்தளைக் குழல்,
தலையில் மெழுகு பூசிய ஈயம்.
விரலெல்லாம் பிசுபிசுக்கிறது
அப்பளம் பொரித்துவிட்டுத் துடைக்காத கைபோல.

பெரிய தோட்டாவுக்கு அடி நடுவில் ஒரு பொட்டு உண்டு,
ஊசி அங்கே குத்தும்.
இந்தச் சின்னதற்குப் பொட்டு கிடையாது.
விளிம்பு மடிப்புக்குள் நெருப்பை ஒளித்துவைத்திருக்கிறார்கள்.
ஊசி அந்த மடிப்பை நசுக்க வேண்டும்.
தடித்திருந்தால் ஒரு விதமாக,
மெலிந்திருந்தால் வேறு விதமாக விழும் அடி.
அப்படித்தான் சொல்கிறார்கள்.
அதனால் அளக்கிறேன்,
அங்குலத்தை ஆயிரமாகக் கிழித்து
முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது என்று.

பிரித்துப் போட
மருந்துக்கடையில் கழித்த குப்பிகள்.
தேன்நிறப் பிளாஸ்டிக், குழந்தை திறக்க முடியாத மூடி.
அச்சுப் பிழையான லேபிள் ஒன்றில் இன்னும் ஒட்டியிருக்கிறது:
தினம் இரண்டு வேளை, உணவுக்குப் பின்.
அதில்தான் முப்பத்தொன்பது.

இளம்பரிதி சலவைக்கூடையோடு இறங்கிவந்தான்.
என்ன, அரிசியில் கல் பொறுக்குகிறாயா?
கல் இருந்தால் எளிது.
எல்லாம் அரிசி. அரிசியிலிருந்து அரிசியைப் பொறுக்குகிறேன்.
சரி, எடை கூடினால் கூடியது எது?
ஈயமா, பித்தளையா, மருந்தா?
தராசுக்குத் தெரியாது. எனக்கும்.
அவன் காலுறைகளுக்கு ஜோடி தேடப் போய்விட்டான்.

எதிலும் சேராதவை எல்லாம்
'மற்றவை' என்று எழுதிய குப்பிக்குள்.
கூட்டினால் நானூற்றுத் தொண்ணூற்றேழு.
மேசைக்கடியில் டார்ச் அடித்துத் தேடினேன்.
இரண்டு கிடைத்தன.
மூன்றாவது அளவுமானியிலேயே உட்கார்ந்திருந்தது.

ஜூன். ஐம்பது மீட்டர்.
கோதுமை வயலைத் தாண்டி வரும் காற்றைப் பற்றி
ஒவ்வொரு கொடியும் ஒவ்வொரு சேதி சொல்கிறது.
பக்கத்துப் பாயில் டெல்மா ஓஸ்ட்ரௌஸ்கி
சூரியகாந்தி விதை மென்று
தோலைக் காகிதக் கோப்பையில் துப்புகிறாள்.
அவள் எதையும் அளப்பதில்லை.
ஒரே லாட் எண்ணில் இருபது பெட்டி வாங்கிப் பூட்டிவைத்து
ஒவ்வொன்றாகக் கிழித்து அப்படியே சுடுகிறவள்.

கணக்கில் வராத முதல் ஐந்தை
'மற்றவை'யிலிருந்து எடுத்தேன்.
ஐந்தும் ஒரே ஓட்டைக்குள்.
தொலைநோக்கியில் இரண்டு முறை பார்த்தேன்,
சட்டைப் பொத்தான் அளவுகூட இல்லை.
குறிப்பேட்டில் எழுதவில்லை.

பிறகு முப்பத்தொன்பது.
பத்து, பத்து, ஒன்பது, பத்து, பத்து, பத்து.
ஏழாவது எட்டு.
நான்கு மணித் திசையில் தனியாக நின்றது
கல்யாண மண்டப வாசலில் செருப்பைத் தேடுகிறவன்போல.
காற்றில்லை. விரல் இழுக்கவில்லை.
மூச்சும் நிற்க வேண்டிய இடத்தில்தான் நின்றிருந்தது.
வெறுங்கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
விளிம்பில் ஊசித் தழும்பு,
முந்தைய ஆறுக்கும் இருந்த அதே தழும்பு.

டெல்மாவைவிட ஒரு புள்ளி கூடுதல்.
எனக்கு மூன்றாமிடம், அவளுக்கு நான்காமிடம்.
முதலிடம் ஒரு பள்ளிப் பையனுக்கு.
அவன் என்ன தோட்டா போட்டான் என்று கேட்க
இரண்டு பேருக்கும் வெட்கம்.
டெல்மாதான் போய்க் கேட்டாள்.
தெரியாது, அப்பா வாங்கித் தந்தது என்றான்.

திங்கட்கிழமை கவுண்டரில்
இரத்தக்கொதிப்பு மாத்திரையை
ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணிக்கொண்டிருந்தேன்.
கண்ணாடிக்கு அப்பால் திருமதி ஹால்வர்சன்:
போன மாதம் வட்டமாக இருந்ததே, இது நீளமாக?
கம்பெனி வேறு, மருந்து ஒன்றுதான்.
எல்லாமே ஒன்றுதானா?
ஒன்றுதான் என்றேன்.
கோட்டுப் பையில் வெறுங்கூடு சாவியோடு உரசியது.
முப்பதையும் தட்டில் கொட்டி
மறுபடி எண்ணினேன்.