மூன்றாவது கிணறு வரை

மடியில் தெர்மாகோல் பெட்டி.
உள்ளே நாற்பது கண்ணாடிக் குப்பி,
ஒவ்வொன்றின் வாயிலும் பஞ்சு.
கல்லூரியில் ஏ.சி. செத்து இரண்டு நாள்.
இந்தச் சித்திரையில் இன்னும் ஒரு பகல் போனால்
என் ஆறு மாதம் புழுங்கிச் சாகும்.
மண்டபத்தில் ஜெசிந்தாவின் அறை குளிர்கிறதாம்.

"உள்ள என்னம்மா?"
"ஈ."
கண்டக்டர் சந்தியாகு டிக்கெட் கிழிப்பதை நிறுத்தினார்.
"மண்டபத்துக்கு
ஈ கொண்டு போறீங்களா?"
பஸ் முழுக்கச் சிரித்தது,
பின்சீட்டுக் கருவாட்டுக் கூடையும் சேர்ந்து.
பழ ஈ என்றேன்.
லக்கேஜ் போடாமல் விட்டார்.

உச்சிப்புளி தாண்டியதும் கண்ணை மூடிக்கொண்டேன்.
பார்க்காமலே தெரியும் இந்தச் சாலை.
மூக்கில் ஒரு நூல் என்றால் பிரப்பன்வலசை.
நூல் கயிறானால் வேதாளை.
கயிறு தொண்டையைச் சுற்றினால்
பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடலாம்.

குப்பிக்குள் ஒரு புழு.
புழுவுக்குள் வெங்காயத் தோல்போல் ஒரு தட்டு:
நாளைய சிறகு.
ஐம்பது செல்லில் தொடங்கி
நாலே நாளில் ஐம்பதாயிரம்.
வரைபடம் இல்லை, மேஸ்திரி இல்லை.
நடுக்கோட்டில் நிற்பவை மட்டும்
எதையோ கசியவிடுகின்றன.
கிட்டத்தில் கெட்டி,
தள்ளிப்போகப் போகத் தண்ணி.
எவ்வளவு என்பதுதான்
எங்கே.

வேதாளையில் நான் வாடகைக்கு இருந்த தெருவில்
மூன்று கிணறு.
கடலோரத்தது பாத்திரம் விளக்க.
பள்ளிவாசல் பக்கத்தது குளிக்க,
சோப்பு நுரைக்க அடம்பிடிக்கும்.
ரயில் பாதைக்கு அப்பால் உள்ளதில்தான் டீ.
எந்தக் கிணற்றிலும் போர்டு கிடையாது.
உப்பு ஒன்றுதான்.
கோடு போட்டது நாக்கு.
செல்லும் அப்படி ருசி பார்த்துத்தான்
இரண்டாம் நரம்பை இங்கேயும்
ஐந்தாம் நரம்பை அங்கேயும் கீறுகிறது.
தட்டு பெருத்தால் சரிவும் கூடவே நீளும்,
மழை பொய்த்த வருஷம்
உப்பு ஒரு கிணறு உள்ளே வருவதுபோல.

இதையேதான் பரீட்சையில் எழுதினேன்.
முழு மார்க்.

பிறகு யாரோ ஒரு குறும்பு செய்தார்கள்.
சிறகிலி என்று இன்னொரு சமிக்ஞை.
அது கெட்டுப்போன ஈக்குச் சிறகு முளைக்காததால்
வந்த பெயர்.
அதைச் சுரக்கும் செல்லின் தோலிலேயே
கட்டிப்போட்டார்கள்,
அடுத்த வீட்டைத் தாண்டிப் போக முடியாதபடி.
சிறகு வராது என்று
நான் என் ஸ்காலர்ஷிப்பைப் பந்தயம் கட்டியிருப்பேன்.

வந்தது.
கொஞ்சம் சின்னதாக, கொஞ்சம் பிந்தி,
ஆனாலும் சிறகு.

ஒருவேளை, என்கிறார்கள்,
தட்டு கைக்குழந்தையாய் இருந்தபோது
எல்லாச் செல்லும் அந்தக் குரலுக்குள்ளேயே இருந்தன.
பெருகி விலகிப் போன பின்னும்
மகள் செல்கள் அதை மறக்கவில்லை.
ஒருவேளை.
சண்டை இன்னும் ஓயவில்லை.

"தூங்கிட்டியா?" என்றாள் பல்கீஸ், பக்கத்து சீட்டில்.
அதே தெருக்காரி. ராமநாதபுரத்தில் வாக்கப்பட்டு
இருபது வருஷம், குழாயில் காவிரித் தண்ணீர்.
இன்னும் உலையில் பாதி உப்புதான் போடுகிறாள்.
மீதியைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும் என்று
கை நம்பிக்கொண்டிருக்கிறது.
தினமும் முதல் கவளத்தில் புருஷன் முகம் சுளிப்பாராம்.

"இப்ப மக சமைக்கிறா.
அவளும் கம்மியாத்தான் போடுறா.
வேதாளத் தண்ணிய அவ
வாயில வெச்சதே இல்ல."

நோட்டை எடுத்தேன்.
எழுத எதுவும் இல்லாமல் மூடினேன்.

மரைக்காயர்பட்டினம் வளைவில் பெட்டி குலுங்கியது.
எண்ணிப் பார்த்தால்
ஒரு குப்பியில் பஞ்சைக் காணோம்.
டிக்கெட் கட்டின் மேல் ஒன்று வந்து உட்கார்ந்தது.
ஐந்து நரம்பும் குறுக்கே இரண்டும்
இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும்,
பார்க்காமலே சொல்வேன்.
சந்தியாகு ஊதவும் இல்லை, ஓட்டவும் இல்லை.
"இது உங்களுதா, எங்களுதா?" என்றார்.

கருவாட்டுப் பக்கம் அவை போகாது.
யாருடைய பையில் கொய்யா இருக்கிறது என்று
ஒவ்வொரு சீட்டாகக் கேட்டுக்கொண்டு போனேன்.