ஒரு வாளி

எங்கள் லயத்தில் ஆறு வீட்டுக்கும் ஒரே மீட்டர்.
பில் வருகிற அன்று
யாருக்கும் யாரும் அக்கா இல்லை, அண்ணன் இல்லை.
அடைக்கலம் வீட்டில் அயன்பெட்டி,
செல்வமலர் வீட்டில் ரைஸ் குக்கர்,
கடைசிக் காம்பராவில்
மகன் கொழும்பிலிருந்து அனுப்பிய பிரிஜ்.
ஐஸ் கட்டி கேட்டு வாங்கித் தின்ற வாய்கள்தான்
அது குடிக்கிற கரண்டுக்குக் கணக்குக் கேட்கும்.

நான் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன்.
நிறுவையில் கிலோ களவு போகாமல்
எழுதி எழுதிப் பழகிய கை.
முன்பக்கமிருந்து கொழுந்து,
பின்பக்கமிருந்து யூனிட்.

பவர் ஹவுஸில் காவல் நிற்கும் ஞானப்பிரகாசம்
தேத்தண்ணி குடித்தபடி ஒருநாள் சொன்னார்:
ஒரு யூனிட் கரண்டுக்குக்
கிட்டத்தட்ட ஆயிரம் லீட்டர்
மலையிலிருந்து விழவேண்டுமாம்.
அவர் சும்மாதான் சொன்னார்.
எனக்குத்தான் அன்று தூக்கம் வரவில்லை.

ஒன்பது வாட் பல்பு
ஒரு மணி நேரம் எரிந்தால் ஒன்பது லீட்டர்.
விளிம்பு வெடித்த என் நீல வாளி
சரியாக அவ்வளவுதான் பிடிக்கும்.
பீலியிலிருந்து வீட்டுக்கு
நூற்றிப் பன்னிரண்டு படி.

அதற்குப் பிறகு
பட்டப்பகலில் பல்பைப் போட்டுவிட்டு
கிரிக்கெட் பார்க்கிற மனுஷனிடம்
"யார் தூக்கிட்டு வந்ததைக் கொட்டுறீங்க?" என்று கத்தினேன்.
அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.
வாளியைத் திரும்பிப் பார்த்தார்,
அது நிமிர்ந்துதான் இருந்தது.

மேலே துரை பங்களாவில்
விடியும்வரை இருபத்து மூன்று விளக்கு.
ஆளில்லாத விறாந்தைக்கும்
ரோஜாச் செடிகளுக்கும்.
ஒரு ராத்திரிக்கு எத்தனை வாளி என்று
பெருக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன்.
அதற்குப் பக்கத்தில் வைத்தால்
என்னுடையது என்ன வாளி.
நான் ராத்திரி முழுக்க அணைத்து வைத்ததை
செல்வமலரின் குக்கர்
கால் மணியில் தின்றுவிடும்,
பில்லை ஆறாய்த்தான் பிரிப்பார்கள்.

டிலுக்ஷிக்கு டிசம்பரில் சோதனை.
ஒன்பதிலிருந்து ஒரு மணிவரை
பல்புக்குக் கீழே குனிந்திருப்பாள்.
நாலு வாளி.
அதை மட்டும் நான் எழுதுவதில்லை.

மாசியில்
மஸ்கெலியாவில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது.
மூழ்கிய பழைய டவுனின் ரோடு முதலில்,
பிறகு கோயில்.
ஊரே போய்ப் போனில் படம் பிடித்தது.
அப்பா அம்மாவுக்குத் தாலி கட்டியது
அந்தக் கோயிலில்தான்.
வெடித்த சேற்றில் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்த்
தூணைத் தொட்டேன்.
வெயிலில் நின்றும் சில்லென்று இருந்தது.

அதே கிழமை கரண்ட் வெட்டுத் தொடங்கியது.
லயம் இருட்டு, டவுன் இருட்டு.
பங்களாவில் மட்டும் ஜெனரேட்டர்
அடித்தொண்டையில் இருமியது.

இப்போது ஆனி மழை.
கோயில் மறுபடியும் கீழே போய்விட்டது.
டிலுக்ஷி புத்தகத்தின் மேலேயே தூங்கிவிட்டாள்.
ஸ்விட்சில் கை வைத்தபடி நிற்கிறேன்:
அணைத்தால்
அம்மாவின் தூணுக்கு மேல் ஒரு வாளி கூட நிற்கும்.
எரியவிட்டால்
ஒரு வாளி அளவுக்கு அது வெளியே வரும்.
இதில் எது வேண்டும் என்று
மீட்டர் கேட்பதில்லை.

டக்.

சுவர் இடுக்கு வழியாக
அடைக்கலம் நாளைக்குச் சட்டை தேய்க்கும்
சூட்டு வாசம்.