ஆறாவது ஆள்

கிரானசேயில் துறை கிடையாது.
சரிந்த ஒரு பாறை, அதன்மேல் பாசி.
இரண்டு அலைகளுக்கு இடையில்
படகை அதில் இழுத்து ஏற்றிவிட வேண்டும்.
அதற்கு ஆறு பேர்.
ஐந்து பேர் இழுத்தால் பாதியில் நிற்கும்,
மீதியை அலை முடிவு செய்யும்.

ரூரி கனடாவுக்குப் போனான்: ஒன்பது.
இரட்டையர் இருவருக்கும் ஒரே காய்ச்சல்: ஏழு.
கடற்பறவை முட்டை எடுக்க இறங்கிய கயிறு
ஸோர்லி இல்லாமல் மேலே வந்தது.
ஆறு.
அப்படியே ஓர் ஆண்டு ஓடியது.
ஒருவன் இருமினால்
மற்ற ஐவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பிறகு மார்சலியின் கணவனுக்குத் தோள் மூட்டு நழுவியது.
சாகவில்லை. அடுப்பருகே உட்கார்ந்து
ஒற்றைக் கையால் கரிமண் கட்டிகளை அடுக்கினான்,
பிரித்தான், திரும்ப அடுக்கினான்.
யாரும் அவனை எதுவும் சொல்லவில்லை.
அந்த வாரம்தான் பேஹக்
பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு
கயிற்றின் கடைசியைப் பிடித்தாள்.
வயது பத்தொன்பது.

இரண்டு குளிர்காலம் அவள் தாங்கினாள்.
மூன்றாவதில், கயிறு கையில் இருக்கும்போதே,
அவளுக்கு முன்னால் நின்ற அப்பா
மண்டியிட்டார், எழவில்லை.
அரசாங்கத்துக்குக் கடிதம் எழுதினார்கள்,
மிகப் பணிவாக, ஒரே ஒரு பிழையோடு.

கூட்டிப்போக வந்த கப்பல்
தன் படகையே இறக்கியது.
ஆடுகள் ஏறின. ஒரு கிடா மறுத்துவிட்டது.
தீவின் படகைக் கவிழ்த்த இடத்திலேயே விட்டார்கள்.
அதைத் தள்ள ஆள் போதாது.

கிளாஸ்கோவில் பிஸ்கட் தொழிற்சாலை,
மூன்றாம் மாடி, திறந்தால் தண்ணீர் வரும் குழாய்.
தீவைப் பற்றிக் கேட்டால்
"காற்று அதிகம்" என்பாள். அவ்வளவுதான்.

நாற்பத்தேழின் பெரும்பனியில்
தெருமுனையில் பால்வண்டி ஒன்று புதைந்தது.
கதவைப் பிடித்துத் தள்ளும் ஓட்டுநர்,
ஏப்ரனோடு ஓடிவந்த கசாப்புக்கடைக்காரர்,
ராணுவக் கோட்டுப் போட்ட ஒரு போலந்துக்காரன்,
பள்ளிக்கு மட்டம் போட்ட இரண்டு பையன்கள்.
எண்ணுகிறோம் என்று தெரியாமலே எண்ணினாள்.
கைப்பையைப் பனியில் வைத்தாள்.
தொண்டையின் அடியிலிருந்து அந்த ஒலி,
எந்த அகராதியிலும் ஏறாத ஓரசை,
பதினொரு வருடம் கழித்து.

வண்டி உறுமிக்கொண்டு விலகியது.
பையன்கள் கை தட்டினார்கள்.
"என்ன சொன்னீர்கள்?" என்றான் போலந்துக்காரன்.

பேஹக் பதில் சொல்லவில்லை.
முதுகுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்,
அலை எவ்வளவு தூரத்தில் என்று.