முதலில் பித்தளை

உலான்பாத்தரில் ஜனவரி.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
உள்ளே ரேடியேட்டர்
அறையின் ஈரத்தை எல்லாம் குடித்துவிட்டு
இன்னும் தாகம் என்கிறது.
இந்த ஒன்பதாவது மாடியில்
கதவுப்பிடி கடிக்கும்.
பூனையின் மூக்கு கடிக்கும்.
கம்பளிச் சட்டையைத் தலைவழியே கழற்றினால்
இருட்டில் கூந்தலுக்குள் சோளம் பொரியும்.

நான் செய்த சிந்தசைசருக்குக் கட்டைகள் இல்லை.
ஒரு பிஸ்கட் டப்பா,
மூடியில் எட்டுச் செப்புத் தகடுகள்.
வெறும் விரலை வைத்தால்
உடம்பு வழியே துளி மின்சாரம் கசிந்து
சுருதி நெளியும்.
தொட்டால்தான் பாடும்.
தொட்டால்தான் சாகும்.
சிக்கலே அதுதான்.

தோமொர்ஹுயாக் வந்தான்.
எங்கள் மொழியில் அந்தப் பெயருக்கு
இரும்புக் கவசம் என்று பொருள்.
போட்டிருந்ததோ நைலான் ஜாக்கெட்.
பஸ் இருக்கையில் நாற்பது நிமிடம் உரசி,
என் விரிப்பின் மேல் காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்து,
"இதுவா அது?" என்று விரலை நீட்டினான்.
டிக்.
ஒரு நீலப் புள்ளி.
பாடிக்கொண்டிருந்த ஒற்றைச் சுரம்
பாதி வாக்கியத்தில் எழுந்துபோனவரைப் போல நின்றது.
சிப்பைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது.

"நல்ல கைராசி" என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.
என்னிடம் இருந்ததே அந்த ஒன்று.
அடுத்தது எல்லை தாண்டி ரயிலில் வர
மூன்று வாரம்.

முதலில் டப்பாவிலிருந்து ஒரு கம்பியை
ரேடியேட்டர் குழாயில் கட்டினேன்,
வருவதெல்லாம் பூமிக்குப் போகட்டும் என்று.
போன கோடையில்தான் குழாயைப்
பிளாஸ்டிக்காக மாற்றியிருந்தார்கள்.
என் பூமி ஒன்றரை அடியில் முடிந்தது.
சுவர் பிளக்கில் மூன்றாவது துளையே கிடையாது.

இரண்டு நாள் கழித்து, பல் துலக்கும்போது உறைத்தது:
பூமி எதற்கு?
பெட்டியும் ஆளும்
ஒரே மட்டத்துக்கு வந்தால் போதுமே.

ஒவ்வொரு தகட்டுக்குப் பின்னாலும்
நூறு கிலோ ஓம் ரெசிஸ்டர்,
அவசரக்காரனை வரிசையில் நிற்கவைக்க.
அதற்கும் பின்னால் இரண்டு டையோடுகள்:
மிஞ்சி வந்தால் ஒன்று மேலே தள்ளிவிடும்,
தாழ்ந்து வந்தால் மற்றது கீழே.
பொறியைப் பிடிக்க ஒரு பொறி.
முகப்பில், நரான்தூல் சந்தையில் வாங்கிய
பித்தளைக் கதவுக்குமிழ்.
அதற்கும் டப்பாவுக்கும் இடையில் ஒரு மெகா ஓம்,
யாரையும் கடிக்காமல் மெல்ல இறங்கட்டும் என்று.
சால்டர் வைக்கும்போது என் மணிக்கட்டில் ஒரு பட்டை,
அதன் கயிறு டப்பாவில்.
கட்டிப்போட்ட ஆடு மாதிரி
மேசையின் ஒரு மூலையையே மேய்ந்தேன்.

புதுச் சிப் வந்தது, வெள்ளி மினுக்கும் பையில்.
பையைப் பார்த்ததும்தான் அது நினைவுக்கு வந்தது.
பழையதை நான் வைத்திருந்தது
ரொட்டி வாங்கிய பாலிதீனில்.
நவம்பரில், கம்பளிச் சாக்ஸோடு,
சமையலறையிலிருந்து மேசைவரை
உள்ளங்கையில் ஏந்தி நடந்தேன்.
மூவாயிரம் வோல்ட் வரை விரலுக்குத் தெரியாது.
சிப்புக்கு அதில் பத்தில் ஒன்று போதும்.
உள்ளே காயத்தோடு இரண்டு மாதம் பாடியிருக்கலாம்.
அவன் விரல் விழுந்தது
ஏற்கெனவே பாதி செத்ததன் மேலா?
அறுத்துப் பார்த்தாலும் சொல்ல முடியாது,
என்னிடம் அந்த மைக்ராஸ்கோப் இல்லை.

சனிக்கிழமை. ஷூ ரிப்பேர் கடையின் நிலவறை.
முப்பது பேர், முப்பது ஜாக்கெட்டுகள்.
குமிழின் கீழே எழுதி ஒட்டியிருக்கிறேன்:
முதலில் இங்கே.
எல்லோரும் தொட்டார்கள், வாசித்தார்கள்,
ஒருத்தி கன்னத்தால் வாசித்தாள்.
தோமொர்ஹுயாக் மட்டும் சுவரோரம்,
கைகள் பைக்குள்.
"நான் வேண்டாம். என் கை தெரியுமே உனக்கு."

நவம்பரைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன்.
சொல்லாமல் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன்.
டிக்.
இந்தமுறை எனக்கு விழுந்தது, நன்றாகவே.
கையை விடவில்லை.
அப்படியே கொண்டுபோய் பித்தளையில் வைத்தேன்.
அங்கே ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு அவன் நான்காம் தகட்டைத் தொட்டான்,
சூடு பார்ப்பவன் போல,
நகத்தின் ஓரத்தால்.