பராமரிப்பு நாள்

கொடிமலைக்கு இன்று ரயில் கிடையாது.
பலகையை நான்தான் வைத்தேன்
ஆயர் ஈத்தாம் அடிவார நிலையத்தில், காலை ஆறரைக்கு.
நான்கு மொழிகளில் மன்னிப்பு.
தமிழ் வரியில் மட்டும் ஓர் ஒற்று விடுபட்டிருக்கும்.
மூன்று வருடமாக விடுபட்டிருக்கிறது.

அவள் அதை வாசிக்கவில்லை.
அல்லது வாசித்துவிட்டும் நின்றாள்.
பாயான் லெப்பாஸில் இரவு வேலை முடிந்து
தொழிற்சாலைச் சீருடையோடு நேரே வந்தவள்.
கழுத்தில் அடையாள அட்டை,
பெயர்ப் பக்கம் உள்ளே திரும்பி.
கையில் ஒரு மைலோ டின்,
வாயைப் பிளாஸ்டிக்கால் மூடி
ரப்பர் வளையம் இரண்டு போட்டிருந்தாள்.

"பால்" என்றாள்.
"இன்னைக்குத்தான் வைக்கணும்."

பூங்காப் பக்கம் ஜீப் பாதை இருக்கிறது என்றேன்,
ஐந்து கிலோமீட்டர், செங்குத்து.
வலது முழங்காலைத் தொட்டுக் காட்டினாள்.
துணிக்கு மேலேயே தெரிந்தது கட்டு.

பராமரிப்பு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது.
அந்த விதியை எழுதியவர்
சாமியை அறிந்தாரோ இல்லையோ
கயிற்றை அறிந்தவர்.
ஆனால் டின் ஆள் இல்லை.

கிரீஸ் டப்பாவுக்கும் திருகு சாவிக்கும் நடுவே
பழந்துணி சுற்றி வைத்தேன்.
கட்டுப்பாட்டு அறையிலிருந்து அஸ்லான் கேட்டான்:
சுமை என்ன?
கருவிகள் என்றேன்.
கொஞ்சம் யோசித்து,
கொஞ்சம் சூசு என்றேன்.
வாக்கிடாக்கியில் வெறும் இரைச்சல்.
பிறகு அவன் குரல்:
மெதுவாக இழுக்கிறேன், சிந்தாமல்.

எனக்குச் சாமி மேல் பெரிய பிடிப்பில்லை.
பிடிப்பு என்று நான் அறிந்தது பிரேக் கட்டை.
புரி புரியாய்க் கயிற்றைப் பார்த்தபடி ஏறினேன்.
எங்கே பளபளக்கிறது, எங்கே மங்குகிறது,
எந்த இழை தன் கூட்டத்தை விட்டு
மயிரளவு விலக நினைக்கிறது.

நடுவழியில் எதிர் வண்டி வந்தது.
ஒருவருமில்லை, விளக்கெல்லாம் எரிகிறது.
அது இறங்குவதால்தான் நான் ஏறுகிறேன்.
பத்து வருடம் ஆகியும்
அந்த வளைவில் அதற்குத் தலையசைத்துவிடுவேன்.

மேலே பனி.
முருகன் கோவில் வாசலில் ஒரு நாய்,
விடுதித் தோட்டக்காரர், அவர் செருப்பு.
ரயில் இல்லாத நாளில்
மணி அடித்தால் மணிக்கே கேட்கும்.

குருக்கள் டின்னை வாங்கினார்.
என் நகக்கண்ணில் இருந்த கிரீஸை
அவர் பார்த்ததை நானும் பார்த்தேன்.
"பேரு? நட்சத்திரம்?"

கேட்கவில்லையே நான்.
கயிற்றின் எண் தெரியும், வாங்கிய தேதி தெரியும்,
எத்தனை பேரைத் தாங்கும் என்பது தெரியும்.
"கீழ நிக்கிறாங்க" என்றேன்.

அவர் மந்திரத்தைத் தொடங்கினார்.
பெயர் வரும் இடத்தில்
ஒரு மூச்சு விட்டுத் தாண்டிப் போனார்.
கருங்கல்லில் வெள்ளை இறங்கியது.
லேசாக மைலோ வாசம்.

இறங்கி வந்தபோது
தூணில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்,
வாய் கொஞ்சம் திறந்து,
கால் நீட்டி.
டிக்கெட் கூண்டில் இருந்த பையன்
அவள் பக்கம் விசிறியைத் திருப்பி வைத்திருந்தான்.

திருநீற்றுப் பொட்டலத்தைக் கொடுத்து,
பேரு கேட்டாங்க, எனக்குச் சொல்லத் தெரியல என்றேன்.
காகிதத்தில் என் கட்டைவிரல் கறுப்பாய்ப் பதிந்திருந்தது.

வெகுநேரம் அந்தக் கறையையே பார்த்தாள்.
"நல்லதாப் போச்சு.
நான் போயிருந்தா
அந்தப் பேர வாய்விட்டுச் சொல்லணும்."

யாருடையது என்று நான் கேட்கவில்லை.
வெறும் டின்னை வாங்கிக்கொண்டாள்.
உள்ளே ஓரத்தில் ஒட்டியிருந்த பாலை
விரலால் வழித்தவள்
என்ன செய்வதென்று தெரியாமல்
நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

"மேல குளிரா?"
"குளிர்தான்."
வேண்டிய பதில் கிடைத்ததுபோல் தலையை ஆட்டினாள்.

204 வந்தது.
நல்ல காலை முதலில் வைத்து ஏறினாள்,
கழுத்து அட்டை காற்றில் ஒருமுறை திரும்பியது.
நான் அப்போது
கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.