அறையின் சத்தம்

காட்சி முடிந்த பிறகு
ஒரு நிமிஷம் ஒருவரும் அசையக்கூடாது.
அதைக் கேட்டு வாங்குவது என் வேலை.
ஒருவரும் கதைக்காத அறைக்கும் ஒரு சத்தம் உண்டு,
பிடித்து வைக்காவிட்டால்
வசனங்களுக்கு நடுவே குழி விழும்.

மக்கோவன் வீதிக்குப் பக்கத்தில்
நாலு நாள் வாடகைக்கு ஒரு நிலக்கீழ் வீடு.
பெப்ரவரி, மைனஸ் பத்தொன்பது.
பிரிட்ஜ் உறுமுகிறதென்று வயரைக் கழற்றினேன்.
திரும்பக் கொழுவ மறக்கக்கூடாதென்று
என் கார்ச் சாவியை
உள்ளே, பால் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

சாம்பவி அன்றைக்கு முதலாமவனை விட்டுப் போகிறாள்.
பதினொரு தரம் போனாள்.
கடைசித் தரம்தான்
சப்பாத்து நாடாவைக் கட்டாமலே போனாள்.
"இதுதான்" என்றாள் பிரசாந்தினி.

அறையின் சத்தம், ஒரு நிமிஷம், என்றேன்.

காதுக்குள்
மேல்வீட்டு நாயின் நகங்கள்.
யாரோ ஒருவரின் பசித்த வயிறு.
பிறகு, கமராவுக்குப் பின்னால், ஒரு மூச்சு.
உள்ளே போகையில் சின்ன விசில்,
ஹாக்கியில் உடைந்த மூக்கு.
மூன்று வருஷம்
என் தலையணைக்குப் பக்கத்தில் கேட்டது.
இப்போது அருணோதயனுக்கும் எனக்கும்
"மைக் ஃபிறேமுக்குள்ள வருது",
"சரி, தூக்கிறன்"
இவ்வளவுதான்.

நிமிஷம் முடிந்தது. நான் சொல்லவில்லை.
எழுபது விநாடி. எண்பது.
பிரசாந்தினி புருவத்தைத் தூக்கினாள்.
நாயில் பழியைப் போட்டேன்.

இரவு எல்லாரும் கோட்டு மாட்டும்போது
பைகளைத் துழாவிக்கொண்டு நின்றேன்.
அவன் ஒன்றும் கேட்காமல் பிரிட்ஜைத் திறந்து
"இந்தா" என்றான்.
விரல் ஒட்டுகிற குளிர்.

ஒக்ரோபரில் படம்.
சாம்பவி அதே குசினியில்
இரண்டாமவனுக்குத் தேத்தண்ணி ஆற்றுகிறாள்.
மூன்றாமவன் சண்டை பிடிக்காமலே போய்விடுகிறான்.
முடிவில், தனியாக, பெட்டியில் வந்த அலுமாரியைப் பூட்டுகிறாள்.
ஒரு ஆணி மிஞ்சுகிறது. சிரிக்கிறாள்.
சனமும் சிரிக்கிறது.

எல்லாவற்றுக்கும் அடியில்
எடிட்டர் விரித்திருந்தது அந்த எண்பது விநாடியை.
மற்றதெல்லாம் நீளம் காணாதாம்.

தனியாக இருக்கிறவளின் அறையில்
விசிலோடு ஒருவன் மூச்சு விடுவது
அரங்கில் யாருக்குக் கேட்டிருக்கும்?
இரண்டு வரிசை முன்னால் அவன்.
பக்கத்தில் ஒருத்தி, மடியில் பொப்கோர்ன்.
ஒருமுறை மூக்கைத் தடவினான்,
அரிப்பாகவும் இருக்கலாம்.

தரிப்பிடத்தில் சாவியைத் தேடினேன்,
பையில், கோட்டில், மற்றப் பையில்.
கையிலேயே இருந்தது.
படம் முழுக்கப் பொத்திப் பிடித்திருக்கிறேன்,
வேர்வையில் சுட்டது.