விரற்கடை

கப்பலை விட்டு இறங்கியதும்
பெயருக்கு முன்னால் கையைக் கேட்டார்கள்.
சுங்கச் சாவடித் தாழ்வாரத்தில் பித்தளை அண்டா,
கழுத்துவரை கடல்நீர்.
உள்ளங்கையைப் பதித்தேன்.
எழுந்தது நீர்.
விளிம்புக்கு மேலே ஏழு விரற்கடை
தூணாக நின்றது.
கிராணியும் எழுந்து நின்றார்.

அபரஞ்சி, நாகப்பட்டணம், ஏழு.
அன்றைக்கே மாடிவீடு, குதிரைவண்டி,
கூப்பிட்ட குரலுக்கு இரண்டு பேர்.
ஒற்றை விரல்காரர்கள் நடைபாதையை விட்டு
வெயிலில் இறங்கி எனக்கு வழிவிட்டார்கள்.
வேலை இதுதான்:
வற்றம் வரும் வேளையில்
பினாங்குக் கடலைப் பிடரி பிடித்து நிறுத்துவது,
துரைமார் கப்பல் தரைதட்டாதபடி.

ஏழு விரலோடு எப்படித் தூங்குவதென்று
யாரும் சொல்லித்தரவில்லை.
செம்பைத் தொட்டால் நீர் மேலேறி முகத்தில் அறையும்.
குளியலறையில் மழை
தரையிலிருந்து கூரைக்குப் பெய்யும்.
ஒரே ஒருதரம் அழுதேன்,
படகுக்காரத் தெருவில் மூன்று கிணறு பொங்கிற்று.
கோப்பி எப்போதும்
பாதிதான் வாய்க்கு வந்து சேர்ந்தது.
மீதியைச் சேலை குடித்தது.

அவன் பெயரைச் சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள்.
உடையப்பன். தொங்கான் கூலி.
உடையது: ஏதுமில்லை.
அவன் கை வைத்த அன்று
அண்டா நீர் மூச்சுக்கூட விடவில்லையாம்.
வறட்டுக்கை என்று சொல்லிக் கிராணி சிரித்தாராம்.
வறட்டுக்கைக்குத் தனிக் குழாய், தனிப் படித்துறை.
தண்ணீர்மலைக்குப் போனாலும்
எல்லோரும் இறங்கிய பிறகே ஏற வேண்டும்.

சுமத்திராக் காற்று அடித்த விடியலில்
என் படகோட்டிக்குக் காய்ச்சல்.
அவன் ஏறினான் துடுப்போடு.
பாதி வழியில், என் பல் கிட்டுவதைப் பார்த்து,
தகரக் குவளையில் கறுப்புக் கோப்பி ஊற்றி
நீட்டினான்.
கையை எடுக்க மறந்துவிட்டான்.
அவன் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்த குவளையில்
கோப்பி அசையவில்லை.

அதற்குள் ஒரு முகம் இருந்தது.
இருபத்து மூன்று வயதில்
முதன்முறையாக என்னைத் தண்ணீரில் பார்த்தேன்.
புருவத்தில் சிறு தழும்பு.
எப்போது விழுந்தேன்?

சுற்றிலும் கடல் எகிறிக் குதித்தது,
படகுக்கு அடியில் மட்டும் பாய் விரித்த மாதிரி.
“நீயா இதைச் செய்கிறாய்?”
“நான் ஒன்றும் செய்யவில்லை.”
சற்றுப் பொறுத்து, வெட்கத்தோடு,
“எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.”

குவளை காலியாகியும்
இருவரும் அதைப் பிடித்துக்கொண்டே கரைக்கு வந்தோம்.

மூன்று விரலுக்குமேல் ஏற்றத்தாழ்வு என்றால்
மணம் பதியமாட்டார்கள்.
“திரும்ப அளந்து பாருங்கள்” என்றேன்.
கொடிமலை மேல் மேகம் ஏறிய ஒரு மத்தியானம்
அதே அண்டா, அதே கிராணி.
ஒரே நேரத்தில் எங்கள் இரண்டு கையும் உள்ளே.
நீருக்கடியில் அவன் சுண்டுவிரல்
என்னுடையதைத் தேடிப் பிடித்தது.
மேலே ஓர் ஈ வந்து உட்கார்ந்தது,
நனையாமல் நடந்தது.

அண்டா காட்டியதைத்தானே எழுதவேண்டும்!
சிவப்பு மையைத் தேடினார் கிராணி,
பேனா நடுங்கிற்று, என் பெயர் சற்றே கலைந்தது.
குதிரைவண்டி காலியாகத் திரும்பிப் போனது.

இது நான்காம் நாள்.
கிட்டங்கிக்குப் பின்னால் பலகை வீடு,
கதவுக்கு ஒரு சாக்கு.
அதை விலக்கித் துறைமுக அதிகாரி நிற்கிறார்,
முழங்கால்வரை சேறு.
மூன்று கப்பல் சாய்ந்து கிடக்கிறதாம்.
ஒன்றில் குதிரைகளாம்.
“அவன் கையை விடு தாயே, ஒரு நாழிகை போதும்.”

குதிரைகள் பாவம். வருவேன்.
அவனையும் உட்காரவைத்துக் கூட்டிப்போகும் வண்டி என்றால்.

கொஞ்சம் நில்லுங்கள் ஐயா,
குவளையில் இன்னும் பாதி இருக்கிறது.